இடுப்புத்தளத் தசைக்கு எந்தக் கருவி? மலைவாழ் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தூக்கும்போது, சரிவில் வேகமாக இறங்கும்போது, பனிக்காலத்து இருமலில், தும்மலில், சிரிப்பில் சிறுநீர் கசிகிறது என்றால் பெரும்பாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளித் துணி போல விரிந்து, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவை. பிரசவமும் மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றமும் இவற்றைத் தளர்த்தும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வருடக்கணக்கில் பாரம் சுமப்பது ஆகியவையும் அப்படித்தான். நீலகிரியில் இவை எல்லாமே சேர்ந்து வருகின்றன. விறகுக் கட்டு, காய்கறி மூட்டை, படிக்கட்டு, அடுப்புப் புகை இருமல், தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் காலை முதல் மாலை வரை அடக்கி வைப்பது என்று பட்டியல் நீளும்.

"குழந்தை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிடுவது தவறு. இது பயிற்சியால் குணமாகக்கூடிய தசைப் பிரச்சினை. இணையக் கடைகளில் இதற்கென விற்கும் கருவிகளில் உங்களுக்கு எது பொருந்தும், உங்களுக்குக் கருவியே தேவைதானா என்று முடிவு செய்யும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இந்தப் பயிற்சியை எழுதி வெளியிட்டபோதே ஒரு கருவியையும் வைத்திருந்தார். பெரினியோமீட்டர் என்ற அந்தக் கருவி, காற்று நிரம்பிய சிறு குழாயும் அழுத்தம் காட்டும் முள்ளும் கொண்டது. பெண் தசையைச் சுருக்கும்போது முள் நகரும். தான் செய்வது அவள் கண்ணுக்குத் தெரியும். அதாவது முதல் கருவியின் வேலை காட்டுவது மட்டும்தான். இன்று புளூடூத்தும் ஆப்பும் சேர்ந்துவிட்டாலும் பெரும்பாலான கருவிகளின் வேலை அதேதான். தசையைச் சுருக்க வேண்டியவர் நீங்கள்.

2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓப்பல் ஆய்வில் சிறுநீர்க் கசிவுள்ள 600 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், மறுபாதிப் பேருக்குப் பயிற்சியோடு தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டும் கருவியும் தரப்பட்டது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பயிற்சிக்கோ பலன் உறுதியாக இருக்கிறது. இருமல், பாரம் போன்ற அழுத்தத்தால் கசியும் பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் மதிப்பாய்வில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான்.

ஆகவே சரியாகச் சுருக்கவும் விடவும் தெரிந்தவருக்குக் கருவி அவசியமில்லை. சரியாகச் செய்யத் தெரியாதவருக்கும், முயன்றும் தசை அசையாதவருக்கும்தான் அது உதவும். இந்த இரண்டு நிலைக்கும் கருவி வேறு வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணம் வீண். சிலருக்கு வலியும் கூடும்.

வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பு, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கருவிப் பேச்சே வேண்டாம். தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் திடீரென மரத்துப்போய், சிறுநீர் அல்லது மலம் அடங்காமல் போனால் அது தண்டுவட நரம்பு அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீழே ஏதோ இறங்கி வந்ததுபோல் இருக்கிறது, கழுவும்போது கையில் தட்டுப்படுகிறது என்றால் கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருக்கலாம். பரிசோதனைக்குப் பிறகுதான் பயிற்சி. இறக்கத்துக்கு மருத்துவர் பொருத்தும் பெசரி என்ற சிலிகான் வளையம் உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும், தசையை வலுப்படுத்தாது. கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளும் பொருளும் அல்ல. அளவெடுத்துத்தான் பொருத்த வேண்டும்.

பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்களும் தையல் ஆறாதவர்களும் உள்ளே வைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. கருவியில்லாத பயிற்சியைக் கர்ப்ப காலத்தில் செய்யலாம், செய்வது நல்லதும்கூட.

நடந்து போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லாப் பிசியோதெரபிஸ்ட்டும் இடுப்புத்தளப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் அல்ல. "பெண்கள் நலப் பிசியோதெரபி தெரிந்தவர் யார்" என்று நேராகவே கேட்டுவிடலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

விரல் சோதனை

இதற்குச் செலவு இல்லை, பத்து நிமிடம் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, நகம் வெட்டிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். கதகதப்பான அறையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஆள்காட்டி விரலை யோனிக்குள் இரண்டாவது கணு வரை செலுத்துங்கள். வறட்சி இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்சார்ந்த ஜெல்லைத் தடவிக்கொள்ளலாம்.

இப்போது கூட்டத்தில் வாயு வெளியேறாமல் அடக்குவீர்களே, அப்படிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை சுருக்கி மேலே இழுங்கள். விரலைச் சுற்றி இறுக்கமும், விரல் உள்ளே இழுபடுவதும் தெரிய வேண்டும். விரல் வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள், சுருக்கவில்லை. சொல்லிக் கொடுத்த பிறகும்கூட மூன்றில் ஒரு பெண் முதல் முயற்சியில் இதைத் தவறாகத்தான் செய்கிறார். பலர் பிட்டத்தை இறுக்குவார்கள், சிலர் தொடையைச் சேர்த்து நெருக்குவார்கள், பெரும்பாலோர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மறு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வாயால் எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ண முடிகிறது என்றால் மூச்சு ஓடுகிறது.

பிறகு மூன்று எண்களைக் குறியுங்கள். சுருக்கியதை எத்தனை நொடி பிடிக்க முடிகிறது? அதே அளவு பிடிப்பை, நடுவில் 4 நொடி ஓய்வு விட்டு, எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது? வேகமாகச் சுருக்கி விடுவது எத்தனை முறை? "5 நொடி, 4 முறை, வேகம் 6" என்பது போலக் காலண்டரில் எழுதி வைத்தால் போதும். இதைவிட முக்கியமான நான்காவது கேள்வி ஒன்று உண்டு. பிடித்ததை விட்டதும் தசை முழுவதும் தளர்ந்து விரலை விடுகிறதா? விடாமல் இறுகியே இருந்தாலோ, விரல் நுழைவதே வலித்தாலோ உங்கள் பிரச்சினை பலவீனம் மட்டும் அல்ல.

திருமணமாகாதவர்களும் விரல் வைக்க விரும்பாதவர்களும் ஒரு துண்டைச் சுருட்டி மர நாற்காலியில் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து பார்க்கலாம். சரியாகச் சுருக்கினால் உடல் துண்டைவிட்டு லேசாக மேலே எழுவதுபோல் இருக்கும். முக்கினால் துண்டை அழுத்தும். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதை மட்டும் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் பழகிவிடும்.

சோதனைக்கு ஏற்ற கருவி

விரல் நன்றாக இழுபடுகிறது, 3 நொடியாவது பிடிக்க முடிகிறது, விட்டால் தளர்கிறது என்றால் இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள், கருவி வேண்டாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்லும் அளவு ஒரு தடவைக்கு குறைந்தது 8 சுருக்கங்கள், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். கைபேசி அலாரமே உங்களுக்கான கருவி.

சுருங்குகிறது, ஆனால் சரியாகச் செய்கிறோமா என்பதில் சந்தேகம் என்பவருக்குக் காட்டும் கருவி. எவ்வளவு முயன்றும் ஒரு துடிப்பு மட்டும் தெரிகிறது அல்லது அதுவும் இல்லை என்பவருக்கு மின்தூண்டல் கருவி, அதுவும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு. நன்றாகச் சுருக்கத் தெரிந்து, நின்று நடக்கும்போதும் பலம் வேண்டும் என்பவருக்கு யோனிக்குள் வைத்து விழாமல் பிடிக்கும் எடைகள். வலி அல்லது இறுக்கம் உள்ளவருக்கு எந்த வலுவூட்டும் கருவியும் ஆகாது. அவர் முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். அதற்கு நேரில் பார்த்துச் சொல்லித்தரும் ஆள்தான் வேண்டும்.

தசையின் இயக்கத்தைக் காட்டும் கருவிகள்

இவற்றில் மிக எளியது பேட்டரியே இல்லாத வகை: யோனிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் ப்ரோபும் அதன் முனையிலிருந்து வெளியே நீளும் மெல்லிய குச்சியும். மல்லாந்து படுத்துச் சரியாகச் சுருக்கினால் வெளிக்குச்சி படுக்கையின் பக்கம் தாழும். முக்கினால் மேலே எழும். திசையை மட்டும் காட்டும், எண் காட்டாது. கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. மின்வெட்டும் சிக்னல் இல்லாத இடங்களும் உள்ள மலையில் இது பழுதாக வழியே இல்லை.

அடுத்தது அழுத்தம் அளக்கும் வகை. காற்றடைத்த ப்ரோபோ சென்சார் வைத்த சிலிகான் ப்ரோபோ முள்ளிலோ கைபேசித் திரையிலோ எண் காட்டும். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வயிற்றை முக்கித் தள்ளினாலும் ப்ரோபின் மேல் அழுத்தம் கூடும், எண்ணும் கூடும். தவறான பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் வந்துகொண்டே இருக்கும். மேலே இழுப்பதையும் கீழே தள்ளுவதையும் பிரித்துச் சொல்லும் மாடலா என்று வாங்கும் முன் கையேட்டில் பாருங்கள். இல்லை என்றால் விரல் சோதனையில் தேறிய பிறகு மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது, தசையின் மின்னோட்டத்தை அளக்கும் இ.எம்.ஜி. வகை. ப்ரோபில் உலோகத் தகடுகள் இருக்கும். தனியாக ஒரு ஒட்டும் பேடு இடுப்பெலும்பின் மேல் ஒட்டப்படும். அளவு மைக்ரோவோல்ட்டில் வரும். ஓய்வு நிலையில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டுவதுதான் இதன் சிறப்பு. தசை விடுகிறதா என்பது தெரியும். தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் அவற்றின் மின்னோட்டமும் கலந்து எண் ஏறும் என்பது குறை. ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. நேற்றும் இன்றும் ப்ரோப் ஒரே ஆழத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்தே உங்கள் எண்ணும் மாறும்.

ஆப் உள்ள கருவி என்றால் இன்னும் சில கேள்விகள் உண்டு. இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யுமா? மஞ்சூர், பந்தலூர் பக்கம் பல வீடுகளுக்குள் சிக்னல் நிற்காது. உங்கள் கைபேசியில் அந்த ஆப் ஏறுமா? வீட்டில் எல்லோரும் எடுக்கும் கைபேசி என்றால் ஆப்பைப் பூட்ட முடியுமா? தயாரித்த நிறுவனம் ஆப்பைக் கைவிட்டால் கருவி வெறும் சிலிகான் துண்டாகிவிடும். திரை இல்லாமலும் ஓரளவு பயன்படும் கருவியே மேல்.

மின்தூண்டல்

ப்ரோபின் இரு பக்கத் தகடுகள் வழியே சிறு மின்துடிப்பு போய்த் தசையைச் சுருங்க வைக்கும். வாங்கும் கருவியில் அதிர்வெண்ணையும் (நொடிக்கு எத்தனை துடிப்பு) துடிப்பகலத்தையும் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) மாற்ற முடிய வேண்டும். இருமல், பாரம் போன்ற அழுத்தக் கசிவுக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ். "வந்துவிட்டது, ஓடு" என்று அவசரமாக முட்டி, போவதற்குள் கசியும் வகைக்கு 10 ஹெர்ட்ஸ் அளவு. துடிப்பகலம் இரண்டுக்கும் 200 முதல் 300 மைக்ரோ நொடி. 5 நொடி மின்சாரம், 10 நொடி ஓய்வு என்று 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். ஓய்வு நேரம் குறைந்தால் பலவீனமான தசை சீக்கிரம் களைத்து, ஐந்தாவது நிமிடத்திலேயே சுருங்குவதை நிறுத்திவிடும்.

மின்சாரத்தின் அளவைக் காட்டும் மில்லிஆம்பியர் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முதலில் குறுகுறுப்பு, பிறகு தசை தானாக மேலே எழுவது தெரியும். அங்கே நிறுத்துங்கள், வலிக்கும் வரை ஏற்றுவதால் பலன் கூடாது. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் நீங்களும் சேர்ந்து சுருக்க வேண்டும். மின்சாரத்தை வேலை செய்யவிட்டு டிவி பார்த்தால், கருவியை நிறுத்திய பிறகு தசைக்கு எதுவும் தங்காது.

ஓரிடத்தில் ஊசி குத்துவது போல் இருந்தால் தகடு சரியாகத் தொடவில்லை. முதலில் கருவியை அணைத்துவிட்டு, ப்ரோபை எடுத்து நீர்சார்ந்த ஜெல் தடவி, தகடுகள் இடமும் வலமும் வரும்படித் திருப்பி வையுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியும் குத்தினால் தகட்டில் கறை படிந்திருக்கலாம், அல்லது வயர் பின்னின் அடியில் உள்ளே முறிந்திருக்கலாம். இந்தக் கருவிகளில் முதலில் போவது அந்தப் பின் பகுதிதான். வயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்துக் கழற்றினால் வெகுநாள் வரும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அந்தப் பகுதியில் தொற்றோ புற்றுநோயோ உள்ளவர்கள், உணர்ச்சி மரத்தவர்கள் மின்தூண்டல் பக்கமே போகக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் காப்பர்-டி வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். முதுகுவலிக்கு வாங்கிய, தோலில் பேடு ஒட்டி மின்துடிப்பு தரும் டென்ஸ் மெஷினில் யோனி ப்ரோபை மாட்டிப் பார்க்காதீர்கள். அதற்கென அனுமதிக்கப்பட்ட கருவி வேறு.

அவசர முட்டல் மட்டும் உள்ளவருக்கு உள்ளே எதுவும் வைக்காத வழியும் இருக்கிறது. டென்ஸ் கருவியின் ஒரு பேடை உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் மற்றொன்றை அதற்கு 10 செ.மீ. மேலேயும் ஒட்டி, 10 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோ நொடி, 30 நிமிடம் வைப்பார்கள். கணுக்கால் நரம்பும் சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால் இது முட்டலைத் தணிக்கும். முதல்முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பேடை ஒட்டிக் காட்டட்டும். மேலே சொன்ன தடைகள் இதற்கும் பொருந்தும்.

எடைகள்

1985-இல் பிளெவ்னிக் என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்திய கூம்பு வடிவ எடைகள் 20 முதல் 100 கிராம் வரை செட்டாக வந்தன. இன்றைய செட்டுகளும் ஏறக்குறைய அதே வரிசைதான். நின்ற நிலையில் ஒரு நிமிடம் விழாமல் பிடிக்க முடிகிற மிகக் கனமான எடையில் தொடங்கி, 15 நிமிடம் வீட்டுக்குள் நடந்து, நாளுக்கு இரண்டு முறை செய்வது வழக்கம். இரண்டு நாள் தொடர்ந்து விழாமல் இருந்தால் அடுத்த எடை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எடை உள்ளே குறுக்காகத் திரும்பிவிட்டால் தசை வேலையே செய்யாமல் அது நிற்கும். கனமான எடையையும் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். கர்ப்பப்பை இறக்கம் உள்ளவருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் வழுக்கும். மணிக்கணக்கில் வைத்திருந்தால் தசை விடாமல் இறுகிப் பழகிவிடும். எடையை வைத்துக்கொண்டு தோட்ட வேலைக்கோ படி ஏறவோ போகக் கூடாது. மாதவிடாய் நாட்களிலும் வேண்டாம்.

வாங்க வேண்டாதவை

இரு தொடைகளுக்கு நடுவில் வைத்து நெருக்கும் ஸ்பிரிங் கருவிகள் "இடுப்புத்தளப் பயிற்சி" என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை வலுப்படுத்துவது உள்தொடைத் தசையை. மலையில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அது ஏற்கெனவே பலமாகத்தான் இருக்கும். யோனிக்குள் வைக்கச் சொல்லி விற்கும் கல் முட்டைகளில் நுண்துளைகள் உண்டு; அவற்றைச் சுத்தப்படுத்தவே முடியாது. பிறப்புறுப்பைச் "சுருக்கும்" ஜெல், மாத்திரை எதுவும் தசையைத் தொடாது. எரிச்சலும் தொற்றும்தான் மிச்சம். பெருநகரங்களின் தனியார் கிளினிக்குகளில் காந்தத் துடிப்பால் தசையைச் சுருங்க வைக்கும் காந்த நாற்காலி இருக்கும். உடையோடு உட்கார்ந்தால் போதும் என்பார்கள். இடுப்புப் பகுதியில் உலோகம் உள்ளவருக்கும் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் அது ஆகாது. கற்றுக்கொள்ளாமல் கட்டணம் கட்டி உட்கார்ந்து வந்தால் பலன் நிலைக்காது. அதற்காக ஒவ்வொரு தடவையும் மலை இறங்க வேண்டியதில்லை.

டப்பாவில் பார்க்க வேண்டியது

இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017-இன்படி கருவிகள் ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்தப்படுகின்றன. ஏ, பி வகைக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகைக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் கட்டாயம் (கிருமிநீக்கம் செய்து வராத, அளவு காட்டாத எளிய ஏ வகைக் கருவிகளுக்குப் பதிவு மட்டும் போதும்). இங்கே தயாரானது என்றால் டப்பாவில் உற்பத்தி உரிம எண்ணும், இறக்குமதி என்றால் இறக்குமதி உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். இறக்குமதி உரிமம் எம்.டி-15 என்ற படிவத்தில் வரும். வெறும் "மசாஜர்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் டப்பாவின் பின்பக்கப் படம் இல்லையென்றால் வாங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். உள்ளே வைக்கும் பொருளைப் பிரித்த பிறகு திரும்ப எடுக்க மாட்டார்கள். சுகாதாரக் காரணத்தால் அது நியாயமும்கூட.

பொருள் மருத்துவத் தர சிலிகானாக இருக்க வேண்டும். மூக்கில் வைத்தால் கடுமையான பிளாஸ்டிக் வாடை அடிப்பதும், பிசுபிசுப்பதும், இணைப்புக் கோட்டில் பிசிறு இருப்பதும் ஆகாது. அளவுக்கு விரல் சோதனையே அடையாளம். இரண்டு விரல் வலியின்றிப் போனால் சாதாரண ப்ரோப், ஒரு விரல்தான் போகும் என்றால் மெல்லியது. மாதவிடாய் நின்று வறட்சி உள்ளவர்கள் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றிக் கேட்டு, எரிச்சல் தணிந்த பிறகு ப்ரோபைத் தொடுவது நல்லது. ப்ரோப் தனியாகக் கிடைக்கிறதா, சார்ஜர் சாதாரணக் கைபேசி வகையா என்பதும் முக்கியம். ஒரு ப்ரோப் ஒருவருக்கு மட்டும்தான். அக்கா தங்கைக்குள்கூடக் கைமாற்றக் கூடாது.

ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் வரும் கூரியர் பெரும்பாலும் மெயின் ரோட்டுக் கடையில் வைக்கப்பட்டு, பத்துப் பேர் கை மாறித்தான் வரும். சங்கடமாக இருந்தால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கூரியர் அலுவலகத்தில் நேரில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடலாம்.

முதல் நாளும் மலைக் குளிரும்

முதல் தடவை 5 நிமிடம் போதும். சிறுநீர் கழித்து, கருவியை வெதுவெதுப்பாக்கி, கம்பளிக்குள் படுத்துக்கொண்டு செய்யுங்கள். உடல் குளிரில் விறைத்திருந்தால் தசையும் விறைத்துத்தான் இருக்கும். கருவி காட்டும் ஓய்வு எண்ணும் பொய்யாகும். காலை ஐந்து மணிக் குளிரைவிட இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து என்பது மலையில் பலருக்கும் ஏற்ற நேரம். நீர் புகாத ப்ரோப் என்றால் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் இரண்டு நிமிடம் வைத்தால் சூடேறும்; இல்லையென்றால் கம்பளிக்குள் பத்து நிமிடம் வையுங்கள். அடுப்போரம், ரூம் ஹீட்டர் முன்னால் வைத்தால் சிலிகானுக்குள் இருக்கும் பேட்டரி கெடும்.

சிலிகான் ப்ரோபுக்கு நீர்சார்ந்த ஜெல்லே சரி. சிலிகான் ஜெல் மேற்பரப்பை அரித்துவிடும். முடிந்ததும் வாசனையில்லாச் சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால் வேண்டாம், மின்பாகம் உள்ளதைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் இங்கே சிக்கல். ஜூன் முதல் கூடலூர், தேவாலா பக்கமும், அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வாரக்கணக்கில் எதுவும் காயாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ப்ரோபில் இரண்டு நாளில் கரும்புள்ளிகள் வந்துவிடும். வந்துவிட்டால் துடைத்துப் பயன்படுத்தாமல் தூக்கி எறியுங்கள். சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து, அரை மணி நேரம் திறந்து வைத்து, பிறகு துணிப்பையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் ஜன்னலோரம் வைத்த கருவியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை ஏற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும்.

குளிரில் தாகம் எடுக்காது, சிறுநீரோ அதிகம் வரும். "கசியுமே" என்று தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். சிறுநீர் கெட்டியாகி முட்டலைக் கூட்டும். மலச்சிக்கலும் சேர்ந்து முக்க வைக்கும். நாளுக்கு ஒன்றரை லிட்டராவது குடியுங்கள். குறைக்க வேண்டியது டீயை. முட்டல் வகைக் கசிவுக்கு டீயில் உள்ள காஃபீன் நேரடி எதிரி.

மூன்று மாதக் கணக்கு

பலன் வருகிறதா என்பதைக் கருவியின் எண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தொடங்கும் முன்னும் பிறகு 4, 8, 12-ஆம் வாரங்களிலும் விரல் சோதனையின் எண்களை எழுதுங்கள். மூன்று நாள் எத்தனை முறை கழித்தீர்கள், எத்தனை முறை கசிந்தது என்றும் குறியுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் பேடு சோதனையும் செய்யலாம். காய்ந்த நாப்கினை எடைபோட்டு அணிந்து, அரை லிட்டர் தண்ணீரைக் கால் மணி நேரத்தில் குடித்துச் சற்று உட்காருங்கள். பிறகு அரை மணி நேரம் நடை, அதில் ஒரு மாடிப் படியாவது. அதன் பின் 10 முறை உட்கார்ந்து எழுவது, 10 முறை பலமாக இருமுவது, ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடுவது, 5 முறை குனிந்து எடுப்பது, ஒரு நிமிடம் குழாய்த் தண்ணீரில் கை கழுவுவது. மொத்தம் ஒரு மணி நேரம் முடிந்ததும் மறுபடி எடை. 1 கிராமுக்கு மேல் கூடினால் கசிவு இருக்கிறது. 12-ஆம் வாரம் அந்த எண் இறங்கியிருக்க வேண்டும்.

முதல் மூன்று நான்கு வாரம் கசிவில் மாற்றமே தெரியாமல் போகலாம். தசை தடிக்க எட்டு வாரமாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் மறுகோடிக்குப் போய், எண்ணைக் கூட்டுவதற்காக நாளுக்கு நூறு தடவை சுருக்கி, இடுப்பு வலியோடு வருகிறார்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் முழுதாக விட வேண்டும்.

படுத்துக்கொண்டு கற்றதை நான்காவது வாரத்திலிருந்து நின்றும், பிறகு வேலையிலும் பழக வேண்டும். மூட்டையைத் தூக்கும் முன், இருமல் வரும் முன், பஸ் படியில் கால் வைக்கும் முன் ஒரு சுருக்கு. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இது பழகிய பெண்ணுக்கு, தசை முழுதாகத் தடிப்பதற்கு முன்பே கசிவு குறையும். இதை எந்தக் கருவியும் சொல்லித் தராது.

புராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவுள்ள ஆண்களுக்கும் இதே தசை, இதே பயிற்சி. சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு, அறுவை செய்த மருத்துவர் சொன்னதும், கருவியில்லாமல் தொடங்கலாம். சுருக்கும்போது ஆணுறுப்பின் அடி உள்ளிழுபட்டு, விதைப்பை லேசாக மேலே எழுவது கண்ணாடியில் தெரியும். ஆசனவாயில் வைக்கும் ப்ரோபைத் தானாக வாங்க வேண்டாம்.

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் இன்னொரு கருவி வாங்காதீர்கள். எழுதி வைத்த கணக்கோடு குன்னூர் லாலி மருத்துவமனையிலோ ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முட்டல் வகைக்கு மாத்திரைகள், இறக்கத்துக்குப் பெசரி, அழுத்தக் கசிவுக்கு அறுவை என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. மாற்றம் வந்திருந்தால் கருவியைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டு, 8 சுருக்கங்களை நாளுக்கு ஒரு தடவையாவது தொடருங்கள். அடுத்த பிரசவத்துக்குப் பிறகோ நீண்ட இருமலுக்குப் பிறகோ கசிவு திரும்பினால் மறுபடி விரல் சோதனையிலிருந்து தொடங்கலாம். அப்போது பழைய ப்ரோபில் வெடிப்போ நிறமாற்றமோ இருந்தால் புதியது மாற்றிக்கொள்ளுங்கள்.